சொல்லாமல் சொல்லும் எழுத்து



படிப்பவருக்கே தெரியாமல் அவர் மனத்தில் ஓர் எண்ணத்தை ஊன்றிவிட எழுத்தால் முடியுமா? விளம்பரம் எழுதுபவர், தேர்தல் வாசகம் எழுதுபவர், மனை விற்பவர், மருந்து விற்பவர் எல்லோருக்கும் உள்ள ஆசை இது. ஆழ்மனத்தோடு பேசும் எழுத்து என்று சொல்லிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, கட்டணமும் வாங்குகிறார்கள். இந்தப் பொருளைப் பேச எடுத்த எடுப்பில் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. இந்தத் திருவண்ணாமலையில் நின்றே தொடங்கலாம்.

தலங்களைச் சேர்த்துச் சொல்லும் வழக்கு ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். திருவாரூரில் பிறக்க முத்தி, காசியில் இறக்க முத்தி, தில்லையில் தரிசிக்க முத்தி, திருவண்ணாமலையை நினைக்க முத்தி. பக்தியை ஒரு கணம் தள்ளி வைத்துவிட்டு, ஓர் எழுத்தாளரின் கண்ணால் இதைப் பாருங்கள். பிறப்பது நம் கையில் இல்லை. அது முடிந்துபோன காரியம். காசியில் இறப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தில்லைக்குப் போய்ச் சேரக் கைப்பணமும் கால்பலமும் வேண்டும். மூன்று கதவுகள் இப்படி அடைபட்ட பிறகு நான்காவதாக அண்ணாமலை வருகிறது. அங்கே கேட்கப்படுவது ஒரு நினைப்பு மட்டும். அந்த வாக்கியத்தைக் கேட்டு முடிப்பதற்குள் கேட்டவர் மலையை நினைத்தாகிவிட்டது. செய்வதா வேண்டாமா என்று யோசிக்க அவருக்கு இடமே இல்லை, செய்து முடித்துவிட்டார். உலகத்தின் எந்த விளம்பர எழுத்தாளரும் இதைவிடச் சுருக்கமாக ஒரு சம்மதத்தை வாங்கியதாக நான் படித்ததில்லை. வரிசையை மாற்றி அண்ணாமலையை முதலில் வைத்துப் பாருங்கள், பாதி வலு போய்விடும். இதை நம்பிச் சொன்னவர்கள் தந்திரமாகச் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கையோடு சொன்னதால்தான் சொல் இவ்வளவு சரியாக வந்து அமர்ந்தது என்றே கருதுகிறேன்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 1957-ல் ஜேம்ஸ் விக்காரி என்ற சந்தை ஆய்வாளர் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஒரு செய்தி சொன்னார். நியூஜெர்சி மாநிலத்தில் ஃபோர்ட் லீ என்ற ஊர்த் திரையரங்கில் ஆறு வாரம் ஒரு சோதனை நடத்தினாராம். படம் ஓடும்போது ஒரு நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும், கண்ணுக்கே தெரியாதபடி, பாப்கார்ன் தின்னச் சொல்லியும் கோகோ கோலா குடிக்கச் சொல்லியும் வாசகங்களைத் திரையில் காட்டினாராம். பார்த்தவர்கள் 45,699 பேர். பாப்கார்ன் விற்பனை 57.7 சதவீதமும் கோலா விற்பனை 18.1 சதவீதமும் ஏறியதாம். நாடே அரண்டது. பல நாடுகளில் இந்த முறைக்குத் தடை போடும் அளவுக்கு அச்சம் பரவியது. 1962-ல் விக்காரி ஒரு விளம்பரத்துறை இதழுக்குப் பேட்டி கொடுத்தார். தன் தொழிலைத் தூக்கி நிறுத்தச் செய்த வேலை அது, கையில் போதுமான தரவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதையைப் பொதுவாக இதோடு நிறுத்திவிட்டு, ஆழ்மன விளம்பரம் என்பது புரளி என்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தத் திரையரங்கில் யாரும் வசப்படவில்லை. செய்தித்தாள் படித்தவர்கள் வசப்பட்டார்கள். அவர்களை வசப்படுத்தியது 45,699 என்ற எண்ணும், 57.7 என்பதில் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் ஏழும்தான். ஏறத்தாழ அறுபது சதவீதம் என்று சொல்லியிருந்தால் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று யாராவது கேட்டிருப்பார்கள். தசமப்புள்ளியைக் கண்டதும், யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்று படிப்பவரே முடிவு செய்துகொண்டார். எண்ணினேன் என்று விக்காரி விளக்கவும் தேவைப்படவில்லை. மறைத்துக் காட்டிய சொல் எதையும் சாதிக்கவில்லை. எல்லோரும் பார்க்கப் பட்டப்பகலில் அச்சான எண் சாதித்தது.

இதை அறிவியல் வேறு வழியில் உறுதிப்படுத்தியிருக்கிறது. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படக்காட்சிகளைக் காட்டினார்கள். பிறகு, கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் போயின என்று சிலரிடமும், ஒன்றையொன்று தொட்டபோது என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். காட்சி ஒன்றே, கேள்வியில் வினைச்சொல் மட்டும் வேறு. நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். தொட்டது என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். ஒரு வினைச்சொல் ஒரு வாரம் மனத்துக்குள் இருந்து, இல்லாத கண்ணாடியை உடைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிப்பவர்களும் செய்திக்குத் தலைப்பு வைப்பவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆக, எழுத்து ஆழ்மனத்தைத் தொடும் வழி இதுதான்: எழுதுபவர் ஓர் இடத்தை வெறுமையாக விடுகிறார், படிப்பவர் அதைத் தானே நிரப்புகிறார். தானே நிரப்பியதால் அது தன் எண்ணம் என்று நம்புகிறார். பிறர் சொன்னதை மறுக்கலாம். தன் எண்ணத்தை யார் மறுப்பார்?

தமிழ் இலக்கணத்துக்கு இது பழைய பாடம். தொல்காப்பியப் பொருளதிகாரம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வகுத்தது இதைத்தான். அகப்பாடல்களில் வரும் தோழியை நினைத்துப் பாருங்கள். தலைவன் இரவில் வந்துபோகிறான். மணம் பேசும் எண்ணமில்லை. தோழி அவனிடம் மணம் செய்துகொள் என்று நேராகச் சொல்வதில்லை. நீ வரும் வழி இருட்டு, யானையும் புலியும் திரிகின்றன, ஆற்றில் வெள்ளம், நினைத்தாலே எங்களுக்கு நடுங்குகிறது, இனி இரவில் வராதே என்கிறாள். இரவிலும் வரக்கூடாது, பகலில் வந்தால் ஊர் அலர் தூற்றும் என்றால் மிச்சம் என்ன வழி? அதை அவனே கண்டுபிடிக்க வேண்டும். வரைவு கடாவுதல் என்று இதற்குத் துறையே வகுத்திருக்கிறார்கள். ஒருவரை ஒரு செயலுக்கு இணங்கவைக்கும் பேச்சு, அந்தச் செயலின் பெயரைச் சொல்லாமலே நடக்கிறது. இதில் ஒளிவுமறைவு இருப்பதாக யாரும் குறைசொன்னதில்லை. ஏனென்றால் தோழி சொன்ன இருட்டு உண்மை, யானை உண்மை, தலைவிக்கு வந்த நடுக்கமும் உண்மை.

ஆனால் இந்த மாவட்டத்துக்கே உரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. அதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், 583 அடி கொண்டது, பெருங்கௌசிகனார் பாடியது. அதன் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா. இங்கிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய நம் செங்கம்தான். பாட்டில் வரும் சேயாறு நம் செய்யாறு. நவிரமலையைப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். 1889-ல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டபோது இந்த நிலம் முழுவதும் மறுபடி ஏட்டிலிருந்து எழுந்து வந்தது.

இது ஆற்றுப்படை. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர் தலைவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தைப் பார்த்து வழி சொல்வதுதான் பாட்டு. இன்றைய மொழியில் சொன்னால், முன்பின் தெரியாத ஒரு வள்ளலை நம்பி, பெண்டு பிள்ளைகளோடும் இசைக்கருவிகளோடும் காடு மலை தாண்டிப் போக ஒரு கூட்டத்தை இணங்கவைக்க வேண்டும். அதை எப்படிச் செய்கிறார் பாருங்கள். முதலில், எங்களைச் சந்தித்ததே உங்களுக்கு நல்ல சகுனம் என்கிறார். கேட்பவர் மனம் அங்கேயே பாதி சாய்ந்துவிடுகிறது. போவதா வேண்டாமா என்ற கேள்வி அதன்பின் எழுவதே இல்லை. இந்தக் குன்றூரில் தங்கும்போது இன்ன உணவு பெறுவீர்கள், அந்தச் சிற்றூரில் இன்னது பெறுவீர்கள் என்று பேச்செல்லாம் வரப்போகும் காலத்தில் நடக்கிறது. தினைச்சோறு, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல், வேட்டை இறைச்சி என்று வரிசையாக வருகிறது. பசித்த கூட்டத்துக்கு நாக்கு ஊறும். கால் நகர்வதற்கு முன்னால் மனம் செங்கண்மா போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதை எந்த விளம்பரப் பயிற்சியாளரும் பாராட்டுவார். அடுத்து வருவதை அவர் சொல்லித்தரமாட்டார். அதே கூத்தர் வழியில் உள்ள ஆபத்துகளையும் ஒன்றுவிடாமல் சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் இடம் இது, பொழுது விடிந்தபின் போங்கள். பாம்பு குடியிருக்கும் பள்ளங்கள் உண்டு. தினைப்புனத்தில் யானையை விரட்டப் பரண்மேல் இருப்பவர்கள் கவண்கல் எறிவார்கள், அது உங்கள் மேல் படலாம், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள். வழுக்கும் இடம் இது, தவறினால் ஆழம். இப்படிப் பாட்டில் எச்சரிக்கைக்குப் பெரிய இடம் இருக்கிறது. பொருள் விற்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கோ இந்தப் பாட்டின் வலுவே இங்கேதான் இருப்பதாகப் படுகிறது. பொறி இருக்கும் இடத்தைச் சொன்னவர், சோறு கிடைக்கும் இடத்தையும் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்று கேட்பவர் மனம் தானாக முடிவு செய்கிறது. அந்த முடிவைக் கூத்தர் வாயால் சொல்லவில்லை. குறிப்பால் வந்தது. நடந்து போய்ப் பார்த்தால் பொறியும் இருக்கும், சோறும் இருக்கும்.

அந்த வழியில் நடுகற்கள் இருப்பதையும் பாட்டு சொல்கிறது. இன்றைக்கும் செங்கம் வட்டாரம்தான் தமிழ்நாட்டில் நடுகல்லுக்குப் பேர்போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில், கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயின் உருவத்தை அதை வளர்த்த வீரனோடு சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. வீரமாக வாழுங்கள் என்று ஊருக்கு அறிவுரை எழுதிவைக்க இடம் இருந்தும், அந்தக் கல்லில் நடந்ததை மட்டும் வெட்டினார்கள். படித்தவர் தானே உணரட்டும் என்று விட்டார்கள். எழுதப் பழகுபவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவர வேண்டிய இடம்.

இந்த ஊர் ஆற்றுப்படை மரபு அங்கே முடியவில்லை. பால் பிரண்டன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் இங்கே ரமண மகரிஷியைப் பார்த்துவிட்டுப் போய் 1934-ல் வெளியிட்ட புத்தகம்தான் மேல்நாட்டவர் பலரை ரமணாசிரமத்துக்கு அழைத்து வந்தது. அவரும் தன் சந்தேகங்களை முதலில் சொல்லி, பார்த்த போலிகளைச் சொல்லி, அதன் பிறகே இந்த மலைக்கு வருகிறார். பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்லும் அதே அமைப்பு.

அதற்கும் முன்னால், ரமணர் விருபாட்சி குகையில் இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உடனிருந்த அடியார்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போவார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி வேறு சிலரும் சோறு வாங்கிப்போக ஆரம்பித்ததால், தங்களுக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். ரமணர் பாடிக்கொடுத்தது அட்சரமணமாலை, 108 கண்ணிகள். தெருவில் அந்தப் பாட்டு கேட்டதும் வீட்டில் இருந்தவர்கள் சோற்றோடு வாசலுக்கு வருவார்கள். பாட்டு முழுவதும் அருணாசலத்தை நோக்கிப் பேசுகிறது. தெருவாரைப் பார்த்து, எங்களுக்குச் சோறு இடுங்கள் என்று ஒரு கண்ணியும் கேட்கவில்லை. கேட்காத பாட்டுக்குச் சோறு வந்தது. திரும்பத் திரும்ப வரும் பெயர் காதில் பட்டதும் இவர்கள் யார் என்று வீட்டாருக்குத் தெரிந்தது, அது போதும்.

அரசாங்கமும் இந்தக் கலையை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறது. நாமிருவர் நமக்கிருவர் என்ற வாசகத்தைத் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தோடு சுவரில் பார்த்து வளர்ந்த தலைமுறை இந்த அவையில் இருக்கிறது. பிள்ளை பெறுவதை நிறுத்து என்று சொன்னால் எந்தக் குடும்பத்துக்குக் கோபம் வராது? அதில் நிறுத்து என்பதே இல்லை. வினைச்சொல்லே கிடையாது. நாம் என்பதில் எழுதியவரும் சேர்ந்துகொள்கிறார். கட்டளையாக இருக்கவேண்டியது ஊர் நடப்பைச் சொல்லும் செய்திபோல ஒலிக்கிறது. மோனை வேறு, மறக்க முடியாது. 1967 தேர்தலில் மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. அரிசிக்குச் சொன்னதும் இப்படித்தான். ஒலி ஒத்துப்போனால் பொருளும் ஒத்துப்போவதாக மனம் எடுத்துக்கொள்ளும். தமிழில் எதுகை மோனையோடு வளர்ந்த காதுக்கு இது இன்னும் அதிகம். ஆகவே தமிழில் எழுதுகிறவருக்குப் பொறுப்பும் அதிகம். நாமிருவர் வாசகத்துக்குத் திரும்பினால், தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்ததற்குப் பெண்கல்வியும், ஆரம்ப சுகாதார நிலையமும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் அடிப்படை. வாசகம் அவற்றுக்குத் துணை நின்றது, அவ்வளவே. இதே வாசகத்தின் இந்தி வடிவம் எழுதிய சுவர்களுக்குப் பக்கத்தில்தான் நெருக்கடி நிலைக் காலத்தில் வட மாநிலங்களில் கட்டாயக் கருத்தடை நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். கோயில் ஊர்களில் ஒரு துண்டு நோட்டீஸ் பல பத்தாண்டுகள் சுற்றியது. மஞ்சள் தாளிலோ ரோஸ் தாளிலோ மலிவான அச்சில் இருக்கும். ஏதோ ஒரு கோயிலில் பாம்பு ஒன்று மனித உருவெடுத்துப் பூசாரியிடம் பேசியது என்று தொடங்கும். இதை ஆயிரம் பிரதி அச்சடித்து வழங்கியவருக்கு இத்தனை நாளில் லாட்டரி விழுந்தது, நாளைக்கு என்று தள்ளிப்போட்டவருக்கு வியாபாரம் நொடித்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார் என்று போகும். இன்று வாட்ஸ்அப்பில் பத்து பேருக்கு அனுப்பச் சொல்லி வருவது இதன் பேரப்பிள்ளை.

இந்த நோட்டீஸை எழுதியவர் யாராக இருந்தாலும் மனித மனம் தெரிந்தவர். பாம்பை நம்பச் சொல்லி வாதாடுவதில்லை. நம்பாதவரையும் அது விடாது. எதற்கு வம்பு என்ற ஓர் எண்ணம் போதும், ஆயிரம் பிரதிக்கு அச்சகத்தில் பணம் கட்டிவிடுவார். பதிமூன்று நாள், இருபது நாள் என்று கெடு வைப்பதால் யோசிக்க நேரம் இல்லை. நாளைக்கு என்று தள்ளிப்போட்டவர் கதையை நடுவில் வைத்ததுதான் இதில் மிகக் கெட்டிக்காரத்தனமான இடம். படிப்பவர் அந்தக் கணத்தில் செய்துகொண்டிருப்பது அதைத்தானே? அச்சடித்துக் கொடுத்தபின் அவரே அந்த நோட்டீஸின் ஆசிரியராகிவிடுகிறார். இனி அதைப் பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அடியில் எழுதியவர் பெயர் இல்லை, கோயிலுக்கு முகவரி இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கக்கூடிய பணம் எவ்வளவு இதில் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கையில் திணிக்கப்படும் மனை நோட்டீஸை வாங்கிப் பாருங்கள். பின்னணியில் மலை, முன்னால் பச்சைப் புல்லும் தார்ச்சாலையும். கிரிவலப் பாதைக்கு மிக அருகில் என்றிருக்கும். எத்தனை கிலோமீட்டர் என்று இருக்காது. ஆன்மிக பூமியில் உங்களுக்கென ஓர் இடம் என்றிருக்கும். தண்ணீர் எத்தனை அடியில் என்று இருக்காது. இன்னும் சில மனைகளே என்று போன வருடமும் இருந்தது, இந்த வருடமும் இருக்கிறது. மலையைக் காட்டியதும் மலை தெரியும் மனை என்று வாங்குபவர் தானே முடித்துக்கொள்கிறார். அப்படி நாங்கள் சொல்லவே இல்லையே என்று பிறகு பதில் வரும்.

இதைவிடப் பெரிய காயம் இந்த மாவட்டத்துக்கு 2022-ல் ஏற்பட்டது. ஆரணி, செய்யாறு பகுதிகளிலும் கிளை வைத்திருந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தில் அந்த ஆண்டு மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்பது காவல்துறையின் வழக்கு. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்ற வாக்குறுதி. நான்கே மாதத்தில் முதலுக்கு ஈடான வட்டி எந்தத் தொழிலில் வரும் என்ற கணக்கைப் படித்தவர்களும் போட்டுப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட திட்டங்களில் ஆளைச் சேர்ப்பது நோட்டீஸில் உள்ள வாசகம் அல்ல. முதலில் போட்டுப் பணம் பெற்ற பக்கத்து வீட்டுக்காரர், மாமன், மச்சான் சொல்லும் சொல்தான் சேர்க்கிறது. பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்கிறார். அமைப்பில் இது மலைபடுகடாமேதான். ஒரே ஒரு வேறுபாடு, பன்றிப் பொறி எங்கே இருக்கிறது என்று இதில் யாரும் சொல்லவில்லை. வழி சொன்னவருக்கே அது தெரியவில்லை.

நல்ல குறிப்பையும் கெட்ட குறிப்பையும் பிரித்துப் பார்க்க நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. எழுத்தில் சொல்லாமல் விட்டதை வெளியே எடுத்து, நேரான வாக்கியமாக எழுதுங்கள். எழுதியவர் அதன் கீழே கையெழுத்துப் போடுவாரா? நன்னனிடம் போனால் சோறும் பரிசும் கிடைக்கும் என்று எழுதினால் அந்தக் கூத்தர் போடுவார். உன் வரவால் தலைவி தூக்கமின்றித் தவிக்கிறாள், மணம் பேசு என்று எழுதினால் தோழி போடுவாள். உங்கள் மனையில் நின்றால் மலை தெரியும், இத்தனை ஆண்டில் விலை இரட்டிப்பாகும் என்று எழுதி நீட்டுங்கள், நோட்டீஸ்காரர் பேனாவை எடுக்கமாட்டார். பாம்பு நோட்டீஸுக்குக் கையெழுத்துப் போட ஆளே கிடையாது. விக்காரி ஐந்து ஆண்டு கழித்துத் தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. ரெரா எனப்படும் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, விளம்பரத்தில் உள்ள பொய்த்தகவலை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவருக்கு இழப்பீடு தர மனை விற்பவர் பொறுப்பு. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு இணைய விற்பனையில் ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகையைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. இல்லாத அவசரத்தை உண்டாக்குவது அதில் ஒன்று. தாளில் அடித்துக் கையில் தரும் அவசரத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் பேசாமல் இறங்கினால் இந்த ஊரில் நின்று பேசியதற்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிட்டு வருகிறோம். பாடத்துக்கு முன்னால், பிள்ளையின் கண் தினமும் படும் இடத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வருவது உண்மையாகத் தோன்றும் என்று 1977-ல் லின் ஹாஷர் குழுவினரின் ஆய்வு காட்டியது. அதன்பின் பலரும் அதை உறுதிசெய்திருக்கிறார்கள். அந்த வாசகத்தைப் படித்து வளர்ந்தவர்கள்தான் தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரிலும் இருந்தார்கள். அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகள் நுழைய முடியவில்லை. 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் உடன்வர, பொங்கல் பானையோடு உள்ளே போனார்கள். பாடநூலில் உள்ள வாசகத்துக்கு அரசின் கையெழுத்து எப்போதும் இருந்தது. கையெழுத்திட்டவர் வாசல்வரை வந்து நின்ற நாள் அதுதான். எழுத்து மட்டுமே மனத்தை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் தென்முடியனூர் போய்வர வேண்டும். அந்த வாசகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று உள்ளே போனவர்கள் கேட்டது புதிதாக எதையும் அல்ல, பள்ளிப் புத்தகத்திலேயே இருந்ததை. கேட்பதற்கு ஒரு சொல் அச்சில் இருந்தது என்பது சிறிய காரியம் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் நோட்டீஸ் எழுதுவீர்கள், ரீல்ஸுக்கு வசனம் எழுதுவீர்கள், கட்சிக்கும் கடைக்கும் வாசகம் எழுதுவீர்கள். குறிப்பால் சொல்லும் கலையை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அது உங்கள் மொழியின் சொத்து. ஆனால் எழுதிக்கொடுக்கும் முன், சொல்லாமல் விட்டதை ஒரு தாளில் நேராக எழுதி, வேலை கொடுத்தவரிடம் காட்டுங்கள். இதற்குக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுக்கக்கூடாது என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒன்று. வருகிற பௌர்ணமிக்கு யாராவது மனை நோட்டீஸ் தந்தால் மலைப் படத்தைப் பார்க்காதீர்கள். ரெரா பதிவு எண்ணைத் தேடுங்கள், சர்வே எண்ணைக் கேளுங்கள், தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.